கமலா டீச்சரின் ரேடியோகிராமுக்கு ஒரு கெபாசிட்டர்

எந்தக் கெபாசிட்டர் போட்டால் நல்லது என்று கேட்டு எனக்கு இன்னும் போன் வருகிறது. போன வருடமே நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். ஆனாலும் விடமாட்டார்கள். பண்டாரவளைப் பக்கம் பழைய பங்களாக்களை ஹோட்டலாக மாற்றுகிறவர்களுக்கு வரவேற்பறையில் ஒரு வால்வு ரேடியோ வேண்டுமாம். அது பாடவும் வேண்டுமாம். அதனால் இந்த வேலை தெரிந்தவர்களுக்கு மறுபடியும் கிராக்கி. ரேடியோவின் வயிற்றைத் திறந்து படம் எடுத்து அனுப்பி, "அக்கா, இதுக்கு மஞ்சள் கலர் போடவா, சிவப்புக் கலர் போடவா?" என்று கேட்கிறார்கள். கலரைப் பார்க்காதீங்க, அளவையும் வோல்டையும் பாருங்க என்று சொல்கிறேன். அதற்கு மேலே ஒரு விஷயம் இருக்கிறது. அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. ஆகவே எழுதுகிறேன். என் முதலாளி நிஸாம் நானாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுது, என் பேரையும் போடு" என்றார்.

என் பெயர் பரமேஸ்வரி. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்து, அம்மாவோடு காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறிக்கப் பெயர் கொடுப்பதா, வேறு ஏதாவது பார்ப்பதா என்று இருந்த நாளில், பதுளை டவுனில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்த நிஸாம் நானா டிரான்ஸ்ஃபோமர் கம்பி சுற்ற ஆள் தேடினார். கையை நீட்டச் சொல்லி விரல்களைப் பார்த்தார். "பொறுமை இரிக்கா?" என்று மட்டும் கேட்டார். இரண்டு வருடம் கம்பி சுற்றினேன். பிறகு ஈயம் பற்ற வைத்தேன். பிறகு அவர் மேசைக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு மேசை போட்டார். கிட்டத்தட்ட முப்பது வருடம் அங்கேதான் இருந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நானாவின் முறை மாறவே மாறாது. பழைய செட் ஒன்று வந்தால் முதலில் அதைக் கரண்டில் செருக விடமாட்டார். "பாடுதான்னு பாக்கத்தானே" என்று வாடிக்கையாளர் சொன்னாலும் சரி. மூடியைக் கழற்றி, தூசியை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டி, குனிந்து மணந்து பார்ப்பார். எரிந்த மெழுகின் வாசனை வருகிறதா என்று கவனிப்பார். பிறகு என்னைக் கூப்பிட்டு மாற்ற வேண்டியதைச் சொல்லுவார். அவர் கெபாசிட்டர் என்று சொல்லமாட்டார். பழைய ஆட்களைப் போல கண்டென்சர் என்றுதான் சொல்லுவார்.

மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர் எல்லாம் போக வேண்டும். அளந்துகூடப் பார்க்க வேண்டியதில்லை, எல்லாம் கசியும். மைக்காக் கண்டென்சரில் கை வைக்கக் கூடாது, அது நம்மைவிட அதிக நாள் இருக்கும். கரண்டின் இரைச்சலை வடிகட்டும் பெரிய டப்பாக் கண்டென்சரை மாற்ற வேண்டும். ஆனால் பெரிதாகப் போட்டால் இரைச்சல் இன்னும் குறையும் என்று ஆசைப்படக் கூடாது. செட் போட்டவுடனே அது ஒரே மூச்சில் கரண்டை இழுக்கும். கரண்டை ஒரே திசையில் ஓடவிடும் ரெக்டிஃபயர் வால்வு தாங்காது. கடைசி வால்வுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகிற கண்டென்சர்தான் முக்கியம். அது துளி கசிந்தாலும் வால்வு சிவந்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபோமரும் எரிந்துவிடும். கையில் இருப்பதில் மிகச் சிறந்ததை அங்கே போட வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு நூறு வாட் பல்பு ஒன்றை வழியில் கோத்துக் கரண்ட் கொடுப்போம். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ பிழை, உடனே நிறுத்த வேண்டும்.

கடைசியாக ஒரு கண்டென்சர் மிஞ்சும். அதை நானாதான் தேர்ந்தெடுப்பார். சத்தத்தில் உள்ள கீச்சை எடுத்துத் தரைக்கு வடித்துவிடும் கண்டென்சர் அது. பெரிய அளவு போட்டால் குரல் மெத்தென்று ஆகும், அதையும் தாண்டினால் அடைத்துப் போகும். சின்ன அளவு போட்டால் குரல் துலங்கும், அதையும் தாண்டினால் காதில் குத்தும். செட்டின் சர்க்யூட் படத்தில் ஓர் அளவு போட்டிருப்பார்கள். ஆனால் ஸ்பீக்கர் கிழடாகியிருக்கும், பெட்டிப் பலகை வறண்டிருக்கும். அதனால் நானா இரண்டு கிளிப்பில் ஒவ்வொரு கண்டென்சராக மாட்டி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார். "ம்ஹூம்." அடுத்தது. "ம்ஹூம்." அடுத்தது. பிறகு, "இதப் போடு." அவ்வளவுதான். பதுளையில் ரேடியோ திருத்தும் மற்றவர்களும் சந்தேகம் வந்தால் செட்டைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வருவார்கள். நானாவின் காது என்றால் அதற்கு மறுபேச்சு கிடையாது.

நான் சொல்லப் போவது நாட்டில் டொலர் இல்லாமல் இறக்குமதி நின்றுபோன காலத்தில் நடந்தது. கொழும்பில் எந்தக் கடைக்குப் போன் எடுத்தாலும் சாமான் இல்லை என்றார்கள். அப்போது எங்கள் கடையை நடக்க வைத்தவன் செல்வராஜ். லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். லயங்களில் தட்டை டிவி வந்த பிறகு மூலையில் கிடந்த பழைய பெட்டி டிவிகளை வாங்கி, உள்ளே இருப்பதைக் கழற்றி விற்பான். டிவிக்குள் இருக்கிற பழுப்புக் கண்டென்சர் நல்ல வோல்ட் தாங்கும், வால்வு செட்டுக்கு அச்சாகப் பொருந்தும். செல்வராஜ் அவசரப்பட்டு வெட்டமாட்டான். ஈயத்தை உருக்கி, கால் நீளமாக வரும்படி எடுத்து, அளவு வாரியாகக் கலண்டர் தாளில் மடித்து, பிஸ்கட் டின்னில் வைத்துக் கொண்டுவருவான். அவன் மனைவி தோட்டத்தில் வேலை. இரண்டு பெண் பிள்ளைகள். தோட்டத்து வேலையிலிருந்து நின்று இந்தத் தொழிலை நம்பித்தான் இருந்தான்.

அந்தச் சமயத்தில் ஹாலிஎலையிலிருந்து கமலா டீச்சர் ஒரு ரேடியோகிராம் கொண்டுவந்தார். ரேடியோவும் ரெக்கோட் பிளேயரும் ஒரே பெட்டியில் இருக்கிற ஜாதி. அவருடைய அப்பா ஒரு தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தபோது வாங்கியதாம். டீச்சர் சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் நாலைந்து பிள்ளைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல வாசிப்பு எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு ரெக்கோட் போட்டுக் காட்ட வேண்டும், அதற்காகத்தான் திருத்தக் கொண்டுவந்தார்.

செல்வராஜின் சாமான்களைப் போட்டு முறைப்படி எல்லாம் செய்தோம். கடைசிக் கண்டென்சரை நானா தேர்ந்தெடுத்தார். படத்தில் போட்டிருந்த அளவு 103. கடைசி எண் எத்தனை பூச்சியம் என்பதைச் சொல்லும்: 103 என்றால் பத்தாயிரம், 472 என்றால் நாலாயிரத்து எழுநூறு. அது குரலை அடைக்கிறது என்று அதில் பாதிக்கும் குறைவான 472-ஐப் போடச் சொன்னார். போட்டோம். டீச்சர் கொண்டுபோய் ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"நிஸாம் நானா, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. வயலின் வயலின் மாதிரி இல்ல. தகரத்துல அரிசி கொட்டுற மாதிரி இருக்கு."

நானா பெட்டியைத் திறந்து மறுபடியும் கேட்டார். வெகுநேரம் கேட்டார். "கண்டென்சர் சரியில்ல டீச்சர். இன்னும் அடைக்கிது" என்று சொல்லி, 472-ஐயும் எடுத்துவிட்டு அதைவிடச் சின்னதான 222-ஐ மாட்டினார். ஸ்பீக்கரிலிருந்து வந்தது என் பல்லில் போய்க் கூசியது.

"கொஞ்சம் குத்துதே நானா" என்றேன்.

"உனக்குச் சளி" என்றார்.

டீச்சர் அதையும் கொண்டுபோய், அடுத்த வாரமே திரும்பக் கொண்டுவந்தார். இந்தத் தடவை குறை சொல்லவில்லை. பெட்டியை வைத்துவிட்டு, "உங்களுக்கு நேரம் கிடைக்கிறப்போ பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நானாவுக்கு அது பெரிய அவமானம். அதே மாதத்தில் வேறு இரண்டு செட்களும் சத்தம் குத்துகிறது என்று திரும்பி வந்திருந்தன.

அந்தச் சனிக்கிழமை செல்வராஜ் டின்னோடு வந்தான். பஜாரில் ரேடியோக் கடை வைத்திருக்கும் இரண்டு பேர் வால்வு கேட்டு வந்து நின்றிருந்தார்கள். நானா டின்னை வாங்கவில்லை.

"இதக் கொண்டு போ."

"ஏன் நானா?"

"ஒன்டும் எழுதின அளவுல இல்ல. பழசுக்குப் புதுச் சட்ட போட்டு விக்கிறவங்க இரிக்கிறாங்க, எனக்குத் தெரியும். நீயும் அந்தக் கள்ள வேலையத் தொடங்கிட்ட."

செல்வராஜ் முகம் வெளுத்துவிட்டது. "நானா, டிவிப் பெட்டியிலேருந்து என் கையால கழட்டுனதுங்க. அதுல இருக்கிற எழுத்த நான் என்னத்த மாத்துறது?"

"பொய் சொல்லாத. எனக்குக் காது இரிக்கி."

செல்வராஜ் டின்னை மேசையிலேயே வைத்துவிட்டு இறங்கிப் போனான். பஜார்க்காரர்கள் இருவரும் அவன் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானா சொன்ன பிறகு இனி யார் அவனிடம் வாங்குவார்கள்? அடுத்த வாரம் அவன் பழையபடி தோட்டத்தில் நாள்கூலியாகக் கைக்காசுக்குப் புல் வெட்டப் போகிறான் என்று லுணுகலைப் பஸ் கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எனக்கு அது மனதை அரித்தது. நானா மதியம் சாப்பிடப் போன நேரத்தில் அந்த டின்னில் இருந்ததை ஒவ்வொன்றாக அளந்தேன். எழுதிய அளவும் மீட்டர் காட்டிய அளவும் ஒன்றுதான். வோல்ட் ஏற்றிக் கசிகிறதா என்று பார்த்தேன். ஒன்றுகூடக் கசியவில்லை. நானா வந்ததும் சொன்னேன்.

"மீட்டர்ல பேட்டரி போயிருக்கும்."

"புதுப் பேட்டரி போட்டு அளந்தேன் நானா."

"மீட்டர்ல ஒன்டு காட்டும், செட்டுல போட்டா இன்னொன்டு செய்யும்."

அது முழுப் பொய்யும் இல்லை. அப்படிப்பட்ட கண்டென்சர்களையும் பார்த்திருக்கிறோம். அதனால், "அப்ப செட்டுலயே போட்டுப் பாப்போம்" என்று சிக்னல் ஜெனரேட்டரை எடுத்தேன். ஒரு டயலைத் திருப்பினால் அது தடித்த சத்தத்திலிருந்து கீச்சு வரைக்கும் ஒரே சீராக எழுப்பும். டீச்சரின் ரேடியோகிராமில் அதைக் கொடுத்து, 222 அப்படியே இருக்க, டயலை மேலே திருப்பிக்கொண்டு போனேன். நானா பக்கத்து மேசையில் குனிந்திருந்தார்.

சத்தம் ஊசியாக ஏறியது. அடுத்த கடைத் தையல்காரர் கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றார்.

"என்ன நானா சத்தம் அது, பல்லுக் கூசுது."

நானா நிமிர்ந்தார். "எந்தச் சத்தம்?"

தையல்காரர் கேலி என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நானா என்னிடம், "ஏன் நிப்பாட்டிட்ட?" என்றார். நான் நிறுத்தவில்லை. டயலில் என் கை அப்படியே இருந்தது. ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் நிறுத்தினேன்.

அவர் மறுபடியும் வேலையில் குனிந்தார்.  இந்த மனிதரின் காதில்தான் எங்கள் கடையே நின்றது. அதைப் போய் அவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் லுணுகலையில் ஒருவன் கள்ளன் என்ற பெயரோடு புல் வெட்டிக்கொண்டிருப்பான்.

அப்போது நானாவின் கைக்கடிகாரம் அடித்தது. தொழுகை நேரத்துக்காக வைத்திருந்த அலாரம், பீப் பீப் என்று மெல்லிய சத்தம். முன்பெல்லாம் முதல் பீப்பிலேயே நிறுத்திவிடுவார். சில காலமாக அது தானாக அடித்து ஓய்வதை நான் பார்த்திருக்கிறேன். வேலையில் ஆழ்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

"நானா, அலாரம் அடிக்குது."

கடிகாரத்தைப் பார்த்தார். காதருகே கொண்டுபோனார். முகம் மாறியது.

"இப்பதானா தொடங்கிச்சி?"

"இல்ல நானா. கொஞ்ச நேரமா அடிக்குது."

அவர் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். சிக்னல் ஜெனரேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதிரையைச் சுவர் பக்கம் திருப்பி எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"கீழ இருந்து மெதுவாத் திருப்பிக் கொண்டு போ. சத்தம் நின்டதும் நான் கையத் தூக்குறன்."

திருப்பினேன். கை தூக்கினார். நான் டயலைப் பார்த்தேன். பேச்சில் 'ஸ' வருகிற இடத்தைக்கூட அது எட்டியிருக்கவில்லை. எனக்கு அதற்கு மேலே நெடுந்தூரம் கேட்டது. கீச்சே கேட்காதவருக்கு எல்லாச் சத்தமும் அடைத்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

"எங்க இரிக்கி?"

சொன்னேன்.

"இன்னொருக்கா." இடது காதைப் பொத்திக்கொண்டார். பிறகு வலது காதைப் பொத்திக்கொண்டார். கை தூக்கிய இடம் மூன்று முறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார். அன்று கடைக்குத் திரும்பி வரவில்லை.

கடையைப் பூட்டிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். அதைவிட, அவர் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தது கண்ணிலேயே நின்றது.

காலையில் எனக்கு முன்பே வந்து கடையைத் திறந்து வைத்திருந்தார். செல்வராஜின் டின் அவர் மேசையில் இருந்தது.

"டீச்சர்ர செட்ட எடு. நான் பிழை சொன்ன இந்த டின்னுல இருந்தே கண்டென்சர் எல்லாத்தயும் மறுபடி போட வேணும். கடைசிக் கண்டென்சர நீ கேட்டுப் போடு. நான் கேக்க மாட்டன்."

"நானா, நீங்க கேக்காம எப்படி..."

"முப்பது வருசமாப் பக்கத்துல இருந்து கேட்டிருக்கிற இல்லியா? போடு."

அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். எந்த இடத்தில் எது, எந்தக் கால் எந்தப் பக்கம் என்பதில் அவருக்கு ஒரு பிசகும் இல்லை. கடைசியில் கிளிப்பை மாட்டி ஒவ்வொன்றாகக் கேட்டேன். 222 குத்தியது. 472 அதைவிடத் தேவலை, ஆனாலும் கூர்மை. 103-ஐ மாட்டியதும் ரெக்கோட்டில் இருந்த வயலின் மரத்தால் ஆனது என்று தெரிந்தது. படத்தில் போட்டிருந்த அதே அளவு. செல்வராஜ் கழற்றிக் கொண்டுவந்த அதே கண்டென்சர்.

ஓட்டோவில் ரேடியோகிராமை ஏற்றிக்கொண்டு ஹாலிஎலைக்குப் போனோம். வழக்கமாக வாடிக்கையாளர்தான் வருவார், நானா போகமாட்டார். டீச்சர் ஒரு ரெக்கோட்டை வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். 

"இது சரி" என்றார்.

"எப்படி இரிக்கின்டு கொஞ்சம் சொல்லுங்க டீச்சர்."

"வில்லு கம்பியில படுறது தெரியுது. ஆனா உறுத்தல. மேல் சுரத்துக்குப் போறப்போ மெலிசா ஆகுது, கத்தல. ஏன், நீங்களும்தானே கேக்குறீங்க?"

"எனக்கு அது வரல டீச்சர். சாமான்ல பிழை இல்ல. என் காதுலதான் பிழை. ரெண்டு தடவ உங்கள அலைய வெச்சிட்டன்."

டீச்சர் பிளேயரை நிறுத்தினார். "ஆஸ்பத்திரியில காட்டினீங்களா?" என்று கேட்டார். நானா இல்லை என்றார். "முதல்ல அதச் செய்யுங்க. என் தங்கச்சிக்கும் கருவி போட்டிருக்கு, நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி எங்களுக்குத் தேநீர் ஊற்றினார். நானா பின்னால் அதைச் செய்தார். இப்போது இரண்டு காதிலும் கருவி போட்டிருக்கிறார். கருவி போட்ட பிறகும் கடைசிக் கண்டென்சரை நான்தான் கேட்டேன். என்ன மாற்ற வேண்டும் என்று அவர் சொல்லுவார், எது பொருந்துகிறது என்று நான் சொல்லுவேன். நான் வேலையை விடும் வரைக்கும் அப்படியே நடந்தது.

டீச்சர் வீட்டிலிருந்து பதுளைக்கு வந்து, அன்றைக்கே லுணுகலை பஸ் ஏறினோம். செல்வராஜின் லயத்துக்குப் போகும் பாதையில் அவன் புல்லுக்கட்டோடு எதிரே வந்தான். எங்களைப் பார்த்ததும் கட்டை இறக்கவில்லை. தலைச்சுமையோடுதான் நின்றான்.

"செல்வராஜ், உன்ட சாமான் எல்லாம் நல்ல சாமான். பிழை என்ட காதுல. அளந்து பாத்தது பரமேஸ். நான் சொன்னது பெரிய பிழை."

அவன் கட்டை இறக்கி வைத்தான். நெற்றியைத் துடைத்தான். "சரிங்க நானா. ஆனா ஒண்ணு. அன்னிக்கு நீங்க நாலு பேரு முன்னுக்குச் சொன்னீங்க. இன்னிக்கு இந்த மலையில வந்து சொல்றீங்க. இங்க யாரு இருக்கா கேக்க?"

அவன் குரலை உயர்த்தவில்லை. நானா கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இடையில் ஏதாவது சொல்லிச் சமாளிக்க நினைத்தேன். ஆனால் அவன் சொன்னது நியாயம்.

"நாளைக்கு வேலைக்குப் போகாத. பதுளைக்கு வா" என்றார் நானா.

அடுத்த நாள் அவன் வந்தான், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. நானா கடையைத் தையல்காரரிடம் பார்க்கச் சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு பஜாருக்கு இறங்கினார். முதல் கடை, அந்தச் சனிக்கிழமை வால்வு கேட்டு வந்தவருடையது.

"அன்டைக்கு இவனக் கள்ளன்டு சொன்னப்ப நீ இருந்த. அது பிழை. இவன்ட கண்டென்சர் சரி. எனக்குத்தான் காது கேக்குதில்ல. இவன்ட்ட வாங்கு."

கடைக்காரர் செல்வராஜைப் பார்க்கவில்லை, நானாவையே பார்த்தார். "அப்ப இவ்வளவு நாளும் நாங்க உங்ககிட்ட கொண்டு வந்து கேட்டது?"

"கடைசியா வந்ததெல்லாம் திருப்பிக் கொண்டா. பரமேஸ் கேட்டுச் சொல்லுவா."

அடுத்த கடையில் வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். செல்வராஜ் நானாவின் கையைப் பிடித்து, "ஆளுங்க இருக்காங்க நானா, பொறகு வருவோம்" என்றான். "அன்டைக்கும் ஆள் இருந்திச்சே" என்று சொல்லிவிட்டு நானா உள்ளே போய் அதையே சொன்னார், வார்த்தை மாறாமல். யாரோ ஒருவர் சிரித்தார். ரேடியோக்காரருக்குக் காது போனால் என்ன செய்வது என்று இன்னொருவர் பக்கத்து ஆளிடம் கேட்டார். நானாவுக்கு அது கேட்டிருக்காது. ஆனால் சிரித்த முகம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

மூன்றாவது கடையிலிருந்து வெளியே வந்தபோது செல்வராஜ் ரோட்டோரத்தில் நின்றுவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"போதுங்க நானா. இனி வெசயம் தானாப் பரவிரும். நீங்க கடைக்குப் போங்க."

நானா ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கவில்லையோ என்று நினைத்து, அவர் பக்கம் வந்து அதைத் திருப்பிச் சொல்ல வாயெடுத்தேன்.

"கேட்டிச்சி" என்றார். "இன்னம் ரெண்டு கட இரிக்கி."

பஸ் ஒன்று போகும் வரைக்கும் நின்று, பிறகு ரோட்டைக் கடந்தார். நாங்கள் அவர் பின்னால் போனோம்.